தாத்தாவின் ரிவால்வரும் தேய்ந்துபோன எண்ணும்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

எழுதியிருப்பவர் வட தமிழகத்தின் ஒரு சிற்றூரைச் சேர்ந்த 46 வயதுப் பள்ளி ஆசிரியை. இவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவரிடம் உரிமத்துடன் ஒரு வெப்ளி ரிவால்வர் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று மட்டும், இரும்புப் பெட்டியைத் திறந்து அதை வெளியே எடுத்து, குழலில் சந்தனமும் குங்குமமும் இட்டுப் படைத்துவிட்டு மறுநாள் உள்ளே வைப்பார்களாம். தாத்தாவுக்குப் பின் உரிமம் அப்பாவின் பெயருக்கு மாறியது. பொட்டு வைத்த இடத்திலேயே துரு அரிக்கத் தொடங்கியதைக் கண்ட அப்பா, 1998-ல் டவுனில் இருந்த ஒரு முலாம் பட்டறையில் கொடுத்து, ரிவால்வர் முழுவதையும் மெருகேற்றி நிக்கல் முலாம் பூசி வாங்கி வந்தார். இன்று அது வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளக்கிறது. ஆனால் 'வெப்ளி மார்க் 6, 1917' என்ற எழுத்துகள் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகின்றன. வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்களுக்கு மேல் படிக்க முடியவில்லை.

அப்பா 14 மாதங்களுக்கு முன் காலமானார். பெட்டி பூர்வீக வீட்டில், சித்தப்பாவின் பொறுப்பில் இருக்கிறது. சாவி வாசகியிடம் இருக்கிறது. கூடவே ஓவல்டின் டப்பா ஒன்றில் 11 பழைய தோட்டாக்கள். நூறாண்டு கடந்த துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாம் என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன். பெண் பிள்ளைக்குத் துப்பாக்கி வாரிசுரிமை வராது என்கிறார் சித்தப்பா. பத்து லட்சம் வரை போகும் என்கிறார் ஊர்க்காரர் ஒருவர். எண்ணைப் புதிதாகப் பொறித்துத் தருகிறேன் என்கிறார் அதே முலாம் பட்டறைக்காரர். கல்லூரி நாளில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்ட வாசகிக்கோ, வரும் தை மாதம் தாத்தாவின் திதி அன்று சொந்த மாந்தோப்பில் அந்த ரிவால்வரால் ஆறு தோட்டாக்கள் ஒரே ஒருமுறை சுட வேண்டும் என்று ஆசை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, சந்தனப் பொட்டோடு பலகையில் கிடந்த அந்த ரிவால்வர்தான் கண்முன் நின்றது. இரண்டாம் முறை, '14 மாதங்கள்' என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. நீங்கள் கேட்ட கேள்விகளில் அது இல்லை. இருந்தாலும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பேச வேண்டியது அதைத்தான்.

துப்பாக்கி உரிமம் ஆளுக்குத் தரப்படுவது. வீட்டுக்கோ குடும்பத்துக்கோ தரப்படுவதில்லை. உங்கள் அப்பா மறைந்த நாளோடு அவருடைய உரிமம் தந்த பாதுகாப்பும் முடிந்துவிட்டது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இப்படிக் கையிருப்பு சட்டப்படியானதாக இல்லாமல் போகும்போது, தேவையற்ற காலதாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதை ஒப்படைக்கச் சொல்கிறது. துக்கத்தில் இரண்டு மாதம் கடந்தால் எந்த அதிகாரியும் புரிந்துகொள்வார். 14 மாதம் என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

'பெட்டி சித்தப்பா வீட்டில்தானே இருக்கிறது, என் கையில் இல்லையே' என்று நீங்கள் எழுதியிருப்பது இயல்பான எண்ணம். ஆனால் அது சரியல்ல. ஒரு பொருள் கையில் இல்லாவிட்டாலும், அது இருப்பதை அறிந்தும் அதன் மேல் கட்டுப்பாடு வைத்தும் இருப்பவரிடம் அது இருப்பதாகவே சட்டம் கொள்ளும் என்பதை 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. சாவி உங்களிடம் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

தண்டனையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட ஆயுதம் என்ற பிரிவின் கீழ் கொண்டுவந்துவிட்டால் அது 7 முதல் 14 ஆண்டு வரை போகும். அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கும் உங்களுக்கு, வழக்குப் பதிவு என்பதே போதுமான இடி. தாமாகவே தாள்களோடு வந்து ஒப்படைத்த வாரிசுகள் மீது வழக்குப் போடப்பட்டதை வழக்கறிஞனாக என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும். அது சட்டம் தரும் உறுதி அல்ல, நான் கண்ட நடைமுறை மட்டுமே என்பதையும் சேர்த்து மனத்தில் வையுங்கள்.

நூறு வயதும் உரிமமும்

உங்கள் அண்ணன் அமெரிக்கச் சட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே 1898-ஆம் ஆண்டுக்குள் செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பழம்பொருளாகக் கருதி மத்தியச் சட்டம் பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குகிறது. 1917-ல் செய்யப்பட்ட உங்கள் தாத்தாவின் ரிவால்வர் அந்தக் கணக்கிலும் வராது. நம் நாட்டிலோ வயதை வைத்து மட்டும் விலக்கு கிடையாது. ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்களிக்கிறது என்பது உண்மைதான். ஆனால், பழுது பார்த்தோ பார்க்காமலோ துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாததாக அது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதே வாக்கியத்தில் இருக்கிறது. விசையை இழுத்தால் சுத்தியல் இன்றும் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும், விலக்கு இல்லை என்று சொல்ல.

நூறாண்டு என்ற அளவு வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள பொருள் நூறாண்டைக் கடந்துவிட்டால் தொல்பொருளாகக் கருதப்படக்கூடும். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 'நான் எடுத்துப் போய் இங்கே கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறேன்' என்ற அண்ணனின் யோசனையை அதனால் இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள்.

அண்ணன் கவனிக்காத இன்னொன்று, காலிபர், அதாவது குழலின் உள்விட்ட அளவு. வெப்ளி மார்க் 6, 1915-ல் பிரிட்டிஷ் படையில் ஏற்கப்பட்ட, .455 தோட்டாவைச் சுடும் ரிவால்வர். .455, .380, 9 மில்லிமீட்டர் போன்ற படைத்துறைத் தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கிகளை நம் ஆயுத விதிகள் தனி வகையில் வைத்திருக்கின்றன. உரிம அலுவலகங்களில் 'பி.பி.' என்பார்கள், பிராஹிபிடட் போர் என்பதன் சுருக்கம். இந்த வகைக்கு உரிமம் தரும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் மனுவை வாங்கி மேலே அனுப்புவார், அவ்வளவுதான். அப்பாவின் உரிமப் புத்தகத்தில் ஆயுதத்தின் விவரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய புத்தகங்களில் காலிபர் தவறாகவோ அரைகுறையாகவோ எழுதப்பட்டிருப்பது உண்டு. அப்படி இருந்தால் அதை நீங்களாகத் திருத்தாமல், மனுவிலேயே ஒரு பத்தியாகச் சொல்லிவிடுவது நல்லது.

சித்தப்பாவின் கருத்துக்கு ஒரே வரியில் பதில்: 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25-ஆம் விதி உரிமதாரரின் சட்டப்படியான வாரிசைப் பற்றிப் பேசுகிறது, மகளும் வாரிசுதான்.

முலாமும் வரிசை எண்ணும்

இனி, நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு குறையாகக் கூடச் சொல்லாமல் கடந்துபோயிருப்பது அந்த நிக்கல் முலாம்.

முலாம் பூசும் முன் இரும்பைப் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தேய்ப்பார்கள். துருக்குழிகள் மறையும் வரை தேய்த்தால், குழிகளைச் சுற்றியுள்ள நல்ல இரும்பும் போகும். அதில் பொறித்திருந்த எழுத்தும் எண்ணும் சேர்ந்து போகும். உங்கள் அப்பாவோ பட்டறைக்காரரோ எண்ணை அழிக்க நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளக் குறி ஆகியவற்றை அழிப்பதையும் மாற்றுவதையும் போலியாகப் பொறிப்பதையும் தடை செய்கிறது. அதோடு, எண் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அனுமானிக்கவும் சொல்கிறது. இந்த அனுமானம் இன்று உங்கள் தலைமேல் இருக்கிறது.

ஆகவே, எண்ணை மறுபடி பொறித்துத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னதற்கு, தயவுசெய்து ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். உரிமப் புத்தகத்தில் உள்ள அதே எண்ணைத்தான் பொறிக்கப்போகிறார் என்றாலும், அது 8-ஆம் பிரிவு சொல்லும் குற்றமாகவே பார்க்கப்படும். இன்று ஒரு விபத்தாக இருப்பதை, அந்தப் பத்து நிமிட வேலை மோசடியாக மாற்றிவிடும். நிக்கலைச் சுரண்டி எடுப்பது, பழையபடி நீலக் கருமெருகு ஏற்றுவது போன்ற எதையும் செய்ய வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுபோவதே உரிமமின்றி ஆயுதத்தை எடுத்துச் செல்வதாகும்.

அந்த அனுமானத்தை முறியடிக்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஆதாரம் இருக்கக்கூடும். ஒவ்வொரு தேர்தலின்போதும் உரிமதாரர்கள் தங்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ரசீதில் ஆயுதத்தின் வகையும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அப்பாவின் கோப்பில் 1996 தேர்தல் ரசீதும் 2001 தேர்தல் ரசீதும் கிடைத்தால், இரண்டுக்கும் நடுவில்தான் முலாம் பூசப்பட்டது, இரண்டிலும் ஒரே எண், அதுவே உரிமப் புத்தகத்திலும் என்று தொடர்ச்சியாகக் காட்டிவிடலாம். 1998-ல் முலாம் பட்டறை தந்த பில் துண்டு கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். நிலையத்தின் பழைய பதிவேட்டிலிருந்து நகல் கேட்கவும் வழி உண்டு. நான் நடத்திய இப்படிப்பட்ட ஒரு மனுவில், மஞ்சளடித்த ஒரு தேர்தல் ரசீதுதான் பத்துப் பக்க விளக்கம் செய்யாத வேலையைச் செய்தது.

எண் முழுமையாகப் போய்விட்டதாகவும் நினைக்க வேண்டாம். அச்சு கொண்டு அடித்துப் பொறிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் நசுங்கியிருக்கும். மேற்பரப்பைத் தேய்த்துவிட்டாலும், அமிலக் கரைசல் தடவினால் அந்த நசுங்கிய பகுதி வேறுவிதமாக அரிபட்டு இலக்கங்கள் மங்கலாக எழுந்து வருவது உண்டு. தடய அறிவியல் ஆய்வகங்கள் செய்யும் வேலை இது. அதிகாரியின் உத்தரவின் பேரில் நடக்க வேண்டும். வெப்ளியில் சட்டகத்தை (பிடியும் விசையும் உள்ள உடற்பகுதியை) தவிர, தோட்டாக்களை இடும் உருளையிலும் எண் இருப்பது வழக்கம். அங்கே பஃபிங் சக்கரம் அவ்வளவு ஆழமாக இறங்காமல் இருந்திருக்கலாம்.

இன்னொரு குறியையும் பார்க்கச் சொல்வேன். பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தமான ஆயுதங்களில் அகன்ற அம்புக்குறி ஒன்று இருக்கும். அரசே அதை விற்றுக் கழித்தபோது, நுனியும் நுனியும் சேரும்படி இரண்டு அம்புகளைப் பொறித்தார்கள். அந்தக் குறி இருந்தால், உங்கள் தாத்தா அதைப் 'போரிலிருந்து கொண்டுவந்தார்' என்ற வீட்டுக் கதை மாறி, முறையாக விற்பனைக்கு வந்த ஒன்றை அவர் வாங்கினார் என்பது உறுதிப்படும். இது உங்களுக்கு நல்லது. வீட்டுக் கதையை மனுவில் எழுத வேண்டாம். தாள்களில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். இவற்றைப் பார்ப்பதற்காக நீங்கள் இப்போது பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். ஒப்படைக்கும்போது பதிவு எழுதும் நேரத்தில் உங்கள் வழக்கறிஞர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

விலையைப் பற்றி: பத்து லட்சம் என்பதை மறந்துவிடுங்கள். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளுக்கு இங்கே கேட்கப்படும் பெரிய விலைகள், சாதாரண உரிமத்தில் வாங்கத்தக்க .32 போன்றவற்றுக்கு உரியவை. .455-ஐ வாங்கத் தகுதியுள்ளவர்கள் மிகச் சிலர். சேகரிப்பாளர் கண்ணிலும், கூர்மையான விளிம்பும் தெளிவான எழுத்தும் முதல் மெருகும் இருந்தால்தான் மதிப்பு; மழுங்கிய விளிம்பும் பளபளக்கும் நிக்கலும் மதிப்பைக் குறைத்துவிட்டன.

சுடலாமா?

உங்கள் ஆசையை நான் சிறிதாக எண்ணவில்லை. தாத்தாவின் கை பிடித்த பிடியை ஒருமுறை நீங்களும் பிடித்துப் பார்க்க விரும்புகிறீர்கள். ஆனால் என் பதில், சுட வேண்டாம் என்பதுதான். சட்டம் ஒரு காரணம். அந்த ரிவால்வரின் உடல்நிலை அதைவிடப் பெரிய காரணம்.

சட்டக் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமமின்றிச் சுடுவது முதல் குற்றம். திதிக்குக் கூடிய உறவினர்கள் நடுவே, பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி சுட்டால், கொண்டாட்டத் துப்பாக்கிச் சூடு என்று 2019-ல் சேர்க்கப்பட்ட குற்றமும் பொருந்தலாம். அதற்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தோப்பு உங்களுடையதுதான், ஆனால் தோட்டா உங்கள் வேலிக்குள் நிற்காது. நாளை உரிமமே கிடைத்தாலும், விளையாட்டு என்ற காரணத்தைக் காட்ட வழியில்லை: 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் அனுமதிக்கப்படும் காலிபர் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரைதான்; .455 என்பது சுமார் 11.5 மில்லிமீட்டர்.

இனி உடல்நிலை. நான் வழக்கறிஞன், ஆயுத வல்லுநன் அல்ல. ஆனால் பல ஆண்டுகள் ரைஃபிள் சங்கத்தில் பழகியவன். படையில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எனக்கு ஒருமுறை காட்டியதைச் சொல்கிறேன். வேறொரு வாரிசு கொண்டுவந்திருந்த பழைய ரிவால்வர் அது, உங்களுடையதைப் போலவே நிக்கல் பூசியது. உருளையின் ஓர் அறைக்கு வெளிப்புறத்தில் நிக்கல் லேசாக உரிந்திருந்தது. அவர் அங்கே ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். தலைமுடி கிடந்தது போல ஒரு கோடு தெரிந்தது. துடைத்த பிறகும் அந்தக் கோட்டில் மட்டும் எண்ணெய் கசிந்து நின்றது. இரும்பு அங்கே விரிசல் விட்டிருந்தது. நிக்கல் உரியாமல் இருந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஒவ்வொரு தோட்டாவும் வெடிக்கும்போது அந்த அறையின் சுவர்தான் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது. அந்தச் சுவர் உங்கள் முகத்துக்கு ஒரு முழத்துக்குள் இருக்கிறது.

விரிசல் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். முலாம் பூசும் முன் அமிலத் தொட்டியில் முக்கும்போது, இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக ஆக்கும். கடினமான எஃகுச் சுருள்களுக்கும் விற்களுக்கும் இந்த ஆபத்து மிகுதி. முறையான ஆலைகளில் முலாம் பூசியவுடன் சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். சைக்கிள் ஹேண்டில்பாரும் குத்துவிளக்கும் பூசும் பட்டறையில் அதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. வெப்ளியின் அமைப்பும் கவலை தருவது. அது நடுவில் மடியும் ரிவால்வர். கட்டைவிரலால் பக்கத்துத் தாழை அழுத்தினால் குழலும் உருளையும் முன்னோக்கிச் சாயும். சுடும்போது மேல்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது அந்தத் தாழ் ஒன்றுதான். தாழும் கீலும் பஃபிங்கில் எவ்வளவு தேய்ந்தன என்பதை அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

தோட்டாக்களையும் பாருங்கள். அடிப்பகுதியில் 'கே', 'எஃப்' என்ற எழுத்துகளும் நடுவே அம்புக்குறியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது புனேவுக்கு அருகில் கிர்க்கி, இன்றைய கட்கி, வெடிமருந்துத் தொழிற்சாலையின் குறி. தாத்தா காலத்தவை என்றால், ஒவ்வொரு கோடைக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் வெந்தவை. இப்படிப்பட்ட தோட்டா வெடிக்காமல் போனால் பரவாயில்லை. தாமதித்து வெடிப்பதுதான் ஆபத்து. 'டிக்' என்று சத்தம் மட்டும் கேட்கும். ஏன் வெடிக்கவில்லை என்று தாழைத் திறப்பீர்கள். அந்த நேரத்தில், பின்னால் தாங்கல் ஏதுமின்றி, கையில் வெடிக்கும். என்.சி.சி.யில், வெடிக்காத குண்டானால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக் காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தது இதற்காகத்தான். தாத்தா சுட்ட பிறகு குழலில் கொதிக்கும் நீரை ஊற்றிக் கழுவுவார் என்று அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத் தோட்டாக்களின் பற்றவைப்பானில் இருந்த குளோரேட் எரிந்து உப்பாகப் படியும். அது ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அவர் தம் கருவியை அறிந்து பேணியவர் என்பதற்கு அந்த ஒரு பழக்கமே சாட்சி.

வேறு தோட்டா வாங்கித் தருகிறேன், .45 ஆட்டோ போட்டுச் சுடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளிநாட்டில் பல வெப்ளிகளின் உருளையைப் பின்பக்கம் சீவி அப்படிச் சுட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் .455-ஐ விட மிக அதிகம். சீவிய உருளைகள் வெடித்ததும் உண்டு.

உங்கள் முன் உள்ள வழிகள்

வாரிசு உரிமம் கோருவது முதல் வழி. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக மனு, அம்மா, அண்ணன் ஆகியோரின் ஆட்சேபணையில்லாச் சான்று (அண்ணனுடையது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றது), மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, காவல்துறை அறிக்கை. .455 என்பதால் முடிவு தில்லியில் எடுக்கப்படும். நாளாகும், மறுக்கப்படவும் கூடும். உரிம அதிகாரியின் ஆணைக்கு எதிராக 18-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு உண்டு. அரசே இட்ட ஆணையானால் மேல்முறையீடு இல்லை, உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுதான் போட வேண்டும்.

இரண்டாவது, தகுதியுள்ள ஒருவருக்கு உரிமம் பெற்ற வணிகர் மூலம் விற்பது. ஆனால் எண் தெளிவில்லாத துப்பாக்கியை விற்பதையும் மாற்றித் தருவதையும் அதே 8-ஆம் பிரிவு தடுக்கிறது. எண் விவகாரம் தீரும் வரை இந்த வழி மூடியே இருக்கும். மூன்றாவது, நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்து நினைவுப்பொருளாக வைத்துக்கொள்வது. இதை உரிம அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, அதற்குரிய உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். குழலை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் போதும் என்று ஊர்ப் பட்டறையில் செய்வது, ஆதாரத்தை அழித்ததாக முடியும்.

நான்காவது, அருங்காட்சியகம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகமோ, தாத்தா பணியாற்றிய படைப்பிரிவின் அருங்காட்சியகமோ, அவருடைய பெயரோடும் சேவை விவரத்தோடும் அதை ஏற்குமா என்று எழுதிக் கேட்கலாம். என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. நீங்கள் உரிமம் கேட்டு மனுப் போடுங்கள், அது உங்கள் உரிமை. மறுக்கப்பட்டால் இந்தக் கதவைத் தட்டத் தயாராக இருங்கள். ஒப்படைத்த ஆயுதத்தைக் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறவோ வேறு வகையில் கைமாற்றவோ செய்யாவிட்டால், அது அரசுடைமையாகிவிடும். ஆகவே, ஒப்படைத்த உடனேயே மனுவையும் போட்டுவிட வேண்டும்.

இந்த வாரம்

ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டு, அப்பாவின் இறப்புச் சான்று, உரிமப் புத்தகம், தேர்தல் ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களோடு காவல் நிலைய ஆய்வாளருக்கும் ஆட்சியருக்கும் ஒரே நாளில் மனுக் கொடுங்கள். அப்பா எப்போது இறந்தார், ஏன் தாமதம், 1998-ல் முலாம் பூசியதில் எண் தேய்ந்தது, 11 தோட்டாக்கள் இருப்பது, இவை அனைத்தையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஒளித்த ஒன்று பிறகு தெரியவரும்போதுதான் சந்தேகம் பிறக்கிறது. ரிவால்வரைப் பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துப் போகாதீர்கள். உரிமதாரரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு எடுத்துச் செல்லலாம் என்ற விலக்கு, உரிமதாரரே இல்லாதபோது உங்களுக்குப் பொருந்தாது. வீட்டுக்கே வந்து பெற்றுக்கொள்ளும்படியோ, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்கும்படியோ மனுவிலேயே கேளுங்கள். தோட்டாக்களைக் கிணற்றில் போடவோ புதைக்கவோ வேண்டாம். அவையும் எண்ணி ஒப்படைக்கப்பட வேண்டியவை. வாங்கும் ரசீதில், 'நிக்கல் முலாம் பூசியது, எண் பகுதியளவு படிக்கத்தக்கது, உருளையில் உள்ள எண் இது' என்று அன்றைய நிலை அப்படியே எழுதப்பட வேண்டும். பாதியில் எழுதிக் கொடுத்தால் பொறுமையாக நின்று முழுமையாக எழுதி வாங்குங்கள்.

தை மாதத் திதிக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பகுதியில் உள்ள ரைஃபிள் சங்கத்தில் இப்போதே உறுப்பினராகச் சேர்ந்தால், அந்த நாளில் சங்கத்தின் அரங்கில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, அவர்களுடைய .22 ரைஃபிளில் ஆறு குண்டு சுடலாம். உரிமம் கோரும் மனுவில் கேட்கப்படும் பயிற்சிச் சான்று எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். சேர்வதற்கு முகவரிச் சான்றும் இரண்டு புகைப்படங்களும் கொண்டு போங்கள்.